ஒட்டகத்தின் செவுள்

எங்கள் பக்கத்தில் ரத்தத்தைப் பார்ப்பதற்கு ஒரே இடம்தான் உண்டு. செவுள். மீனின் கன்னத்தை விரலால் நெம்பித் தூக்கி உள்ளே பார்ப்பார்கள். சிவந்திருந்தால் இன்று காலை கரையேறிய மீன். பழுப்பு என்றால் நேற்றையது. வெளுத்துக் கிடந்தால் ஐஸ் பெட்டியில் பல நாள் படுத்திருந்தது என்று அர்த்தம், பேச்சே இல்லாமல் கூடையில் திரும்பப் போட்டுவிடலாம். இந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போன நாலு பேர்தான் அன்றைக்கு லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் என் அக்காவின் ஒட்டகத்தைச் சுற்றி நின்று அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.

உள்ளே சாம்பலும் வெளிறிய ரோஜாவும் கலந்த ஒரு நிறம். மழை வரப்போகும் மாலையில் ஏரி காட்டும் நிறம்.

"இன்னா இது, செவுள் செத்துக் கீது" என்றார் ஒருவர்.

"ரத்தமே இல்ல போல. கொழந்தைங்கள ஏத்திக்கினு சுத்துது. மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

"வாயில செவுள் வெச்சிக்கினு பொறக்க அது இன்னா கொடுவாவா?" என்றாள் அக்கா. "கைய எடு மாமா. கடிச்சிதுன்னா அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

அவர் கையை எடுத்தார். அவர்தான் ஊர்த் தலைவர், குப்பத்தில் நாட்டார் என்பார்கள். அவர்கள் போன பிறகு அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே அந்த உதட்டைத் தூக்கினாள். மூட்டு தேயும் வரைக்கும் மீன் கூடை சுமந்தவள். அவள் விரலுக்கும் வேறு வழி தெரியாது.

"டேய், வெளுப்பாத்தான்டா கீது."

"எல்லாத்தையும் வஞ்சிரம்னு நெனச்சிப் பார்க்காதக்கா."

"நீ எழுதறவன். ஒனக்கு எல்லாமே அழகாத்தான் தெரியும்."

அங்கே தொடங்கிய எரிச்சல் அந்தக் கோடை முழுக்க என்னோடு இருந்தது. செருப்புக்குள் புகுந்த கிளிஞ்சல் துண்டு போல, உதறினாலும் போகாமல், நடந்தால் குத்திக்கொண்டு.

கூடையைத் தூக்க முடியாமல் போன பிறகு, தனக்குப் பதிலாகச் சுமப்பதற்கு அக்கா ஒரு பிராணியை வாங்கினாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். தெற்கே கடற்கரை ஊர்களில் ஒட்டகச் சவாரி நடத்திவிட்டு வடக்கே திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆளிடம், எளாவூர் செக்போஸ்ட் அருகில் வைத்து வாங்கியது. எந்த ஊர் ஒட்டகம் என்று கேட்டதற்கு அவன் கழியால் வானத்தின் வடமேற்கு மூலையைக் காட்டி "ராஜஸ்தான்" என்றான். ஒரு கை கல்லுப்பை அள்ளித் தீவனத்தில் தூவிக் காட்டினான். லாரியில் ஏறிப் போய்விட்டான். அக்காவின் பிழைப்புக்கான மொத்தப் பாடமும் அவ்வளவுதான்.

பெட்டை ஒட்டகம். அக்கா அதைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். முதலில் டச்சுக் கல்லறைக்குப் போவார்கள். ஊரை ஆண்டவர்கள் தாங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் காவல் இருக்கட்டும் என்று வாசலில் நிறுத்திவிட்டுப் போன கல் எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கலக்கத்தைக் கழுவிக்கொள்ளக் கடற்கரைக்கு வருவார்கள். குழந்தைகள் ஒட்டகத்தின் மேல் ஏறிக் கத்தும். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலிக்காத அளவுக்கு, பத்தடி போய்ப் பத்தடி வருவாள். அந்தப் பத்தடி மணல்தான் அவள் சோறு.

அந்த மணலும் சும்மா கிடைத்ததல்ல. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதைப் பாடு என்போம். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. குப்பத்தில் அதே முறையைக் கடற்கரை வியாபாரத்துக்கும் வைத்திருந்தார்கள். பஜ்ஜிக் கடை, பலூன் சுடுகிறவர், குடை ராட்டினம், ஒட்டகம், எல்லாவற்றுக்கும் பாடு. நாட்டார் சொல்லிவிட்டார்: அடுத்த சீட்டுப் போடுவதற்குள் ஒட்டகத்தின் ரத்தம் நார்மல் என்று டாக்டர் கையெழுத்தோடு வர வேண்டும். வந்தால் சீட்டில் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் கரையில் அக்காவுக்கு இடம் இல்லை.

நார்மல். இந்த ஒரு சொல்லுக்காக நான் அலைந்த அலைச்சலில் ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கலாம்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து, ஒட்டகத்தை மண்டியிட்டு உட்கார வைத்து, கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து ஊதா மூடி போட்ட குழாயில் கொடுத்தார். அதைப் பார்க்கும் வசதி பக்கத்தில் இல்லை. டவுனில் மனிதர்களுக்கு ரத்தம் பார்க்கிற ஒரு லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பேஷன்ட் பேரு?"

"ஒட்டகம்."

"வயசு?"

"தெரியாது."

"சாப்பிட்டு எடுத்ததா, வெறும் வயித்துலயா?"

"அது எப்பவும் அசை போட்டுக்கினுதான் இருக்குது."

அப்போதுதான் நிமிர்ந்தார். மெஷினில் ஏற்றினார். வந்த தாளில் அம்புக்குறிகள், சில மேலே, சில கீழே. ரத்த அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கிறது என்றார். பிறகு கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் முகம் மாறியது.

"சார், இது பரம்பரை வியாதி. செல்லு ரவுண்டா இல்ல. முட்டை ஷேப்புல கீது."

"எத்தனை?"

"எல்லாமே. ஒண்ணு விடாம."

"ஒண்ணு விடாம அப்படி இருந்தா அது வியாதியா, இல்ல அதோட உருவமே அதானா?"

"மெஷின்ல ஒட்டகத்துக்கு பட்டன் இல்ல சார். மனுசனுக்கு இப்படி இருந்தா வியாதி."

நானும் குனிந்து பார்த்தேன். லைட்ஹவுஸ் உச்சியில் நின்று கீழே பார்த்தால் அலையில் அசையும் படகுகள் எப்படித் தெரியுமோ அப்படி, எல்லாம் மெலிந்து நீண்டு, ஒரே திசைக்கு முகம் வைத்த மாதிரி. இவ்வளவு ஒழுங்காக ஒரு வியாதி இருக்குமா என்று தோன்றியது. தாளின் அடியில் அவர் "ரத்தச்சோகை இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"செவுள பார்த்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. கிட்டத்தட்டப் பெருமையாக.

அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. உப்பைக் குறை, கருவாட்டைத் தொடாதே என்று அவளுடைய டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். வாழ்நாள் முழுக்கக் கருவாட்டுக்கு உப்பு தடவிய கைக்கு அது தண்டனை மாதிரி. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். உப்பு ரத்தத்துக்கு ஆகாது என்பது அவள் மனதில் கல்வெட்டாகிவிட்டது. இப்போது ஒட்டகத்துக்கும் ரத்தத்தில் கோளாறு என்றால் முதலில் நிறுத்த வேண்டியது எது? கல்லுப்பை நிறுத்தினாள். ஏரிக்கரையில் அது விடியற்காலையில் மேயும் உமரிச் செடியும் உப்புக் கரிக்கும் செடி, அதையும் நிறுத்தினாள். உப்புக் காற்றே படக் கூடாது என்று காட்டூருக்குக் கொண்டுபோய், முன்பு அவளிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு விவசாயி வீட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டினாள்.

"அக்கா, டாக்டரக் கேட்டுட்டுச் செய்யலாமே."

"டாக்டர் சொன்னதத்தானே செய்யறேன்."

"அது உனக்குச் சொன்னது."

"ரத்தம்னா ரத்தம்தானே. அதுக்கு இன்னா பச்சையாவா ஓடுது?"

வைக்கோல், புல், கிணற்று நல்ல தண்ணீர், முருங்கைக்கீரை, வெல்லம், பீட்ரூட். ரத்தம் ஊறுவதற்கு ஊரில் யார் எதைச் சொன்னாலும் அது ஒட்டகத்தின் முன்னால் வந்தது. ஒட்டகம் பீட்ரூட்டைக் கடித்து வாயெல்லாம் சிவந்து நின்ற அன்றைக்கு அக்கா உதட்டைத் தூக்கிப் பார்த்து, தேறுது என்றாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் யாரிடம் என்று தெரியாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

அது தேறவில்லை. வாரத்துக்கு வாரம் இளைத்தது. திமில் சரிந்தது. தோலில் அங்கங்கே புண் வைத்தது. தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு கல்லை விட்டு இறங்கி நாலு காலில் நிற்கிற மாதிரி இருந்தது. காலையில் தொட்டால் உடம்பு சில்லென்று கிடக்கும். மாலையில் கை வைத்தால் சுடும். கம்பவுண்டர் காலையில் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்து, சூடே இல்லை, ஆபத்து என்றார். அடுத்த முறை மாலையில் வந்து, காய்ச்சல் கொளுத்துகிறது, ஆபத்து என்றார்.

இன்னொன்றும் செய்தது. நக்கியது. கொட்டகைச் சுவரின் பூச்சை நக்கியது. அக்காவின் கையை, கழுத்தை நக்கியது. வெயிலில் பைக் ஓட்டி வந்த என் சட்டை முதுகை நனையும் வரை நக்கியது.

"பாசம்டா ஒன்மேல" என்றாள் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

பலமுறை போன் செய்த பிறகு மாட்டு டாக்டர் காட்டூருக்கு வந்தார். எங்களைவிட வயதில் சின்ன பெண். வந்ததும் லேப் தாளை வாங்கிப் படித்து மடித்து என்னிடமே தந்தார்.

"இது மனுஷங்களுக்கான அளவு சார். இதை வெச்சிப் பார்த்தா உலகத்துல இருக்கற எல்லா ஒட்டகத்துக்கும் வியாதிதான்."

"முட்டை வடிவம்?"

"அதுதான் அதோட வடிவம். உடம்புல தண்ணி வத்தி ரத்தம் கெட்டியானாலும் அந்த செல்லு நரம்புல வழுக்கிக்கிட்டு ஓடும். அப்புறம் ஒரே மூச்சுல ஒரு தொட்டித் தண்ணியக் குடிச்சாலும் ஊறிப் பெருசாகுமே தவிர வெடிக்காது. நம்ம செல்லா இருந்தா வெடிச்சிடும்."

"காலைல சில்லுன்னு, சாயங்காலம் காய்ச்சல். அது?"

"தண்ணி சரியாக் குடிக்கலைன்னா பகல் சூட்டை உடம்புலயே சேத்து வெச்சிக்கும். வேர்த்து வீணாக்காது. ராத்திரி காத்துல விட்டுடும்."

"அப்ப எதுங்க நார்மல்?"

"எந்த நேரத்துக்கு?" என்றார்.

நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனைத் திறந்து, நிதானமாக, நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். பிகானேரி ஒட்டகத்துக்கு ஓர் அளவு. ஜெய்சல்மேரிக்குச் சற்று மாறும். மேவாரி வேறு, கட்ச் பக்கத்து ஒட்டகம் வேறு. ஆணுக்கும் பெட்டைக்கும் மாறும். சினையில் மாறும். கோடையில் ஒரு விதம், குளிரில் ஒரு விதம்.

"இது எந்த இனம்?" என்று கேட்டார்.

"ராஜஸ்தான்."

"அது மாநிலம் சார்."

"நீங்க நார்மல்னு ஒரு வார்த்தை எழுதித் தந்தா போதும். அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

"எதோட ஒப்பிட்டு எழுதறது? ரத்தத்துல வியாதிக் கிருமி இல்லன்னா இல்லன்னு எழுதுவேன். அதுக்கு மேல எழுத மாட்டேன்."

அவர்மேலும் கோபம் வந்தது. சரியாகப் பேசுகிறவர்கள்மேல் வரும் கோபத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்த நேரத்தில் ஒட்டகம் கழுத்தை வளைத்துக் கொட்டகைச் சுவரை நக்க ஆரம்பித்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். புண்களைத் தடவிப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பினார்.

"உப்பு எவ்வளவும்மா வெக்கறீங்க?"

அக்கா நிமிர்ந்து நின்றாள். யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல.

"ஒரு கல்லு கெடையாதும்மா. சுத்தமா நிறுத்திட்டேன்."

டாக்டர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டுக்கு வெக்கறத விடப் பல மடங்கு வேணும்மா இதுக்கு. உப்பு இல்லன்னா தீனி இறங்காது, தண்ணி இறங்காது, தோலு இப்படித்தான் ஆகும்."

"எனக்கு நிறுத்தச் சொன்னவரும் டாக்டர்தான்."

"நீங்க ஒட்டகம் இல்லம்மா."

அக்கா ஒட்டகத்தைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அந்த முடிச்சோடுதான் போராடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் காட்டூரிலிருந்து கிளம்பினோம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூட்டு வலியால் அக்கா ஷேர் ஆட்டோவில் தனியாக, எங்களுக்குப் பின்னால், நடையின் வேகத்தில். தலையை வெளியே நீட்டி, மெதுவாப் போ, லாரி வருது, நெழல்ல நிறுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் ஒரு கட்டத்தில், "யக்கா, கல்யாண ஊர்வலத்துலகூட இத்த விட வேகமாப் போவாங்க" என்றார்.

ஏரியின் வாடை வந்த இடத்தில் ஒட்டகம் நின்றது. மூக்குத் துவாரம் விரிந்து மூடியது. பிறகு நான் பிடித்திருந்த கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு போனது. இவ்வளவு இளைத்த உடம்பில் அந்த வேகம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கரையோரம் செம்பச்சையாகப் படர்ந்து கிடந்த உமரியில் வாயை வைத்தது. தலையைத் தூக்காமல், மூச்சு விடவும் நேரம் இல்லாத மாதிரி தின்றது. தின்றுகொண்டே தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால், வயிறு, பிறகு கழுத்து மட்டும். எதிரே இருந்த திட்டில் இன்னும் நிறைய உமரி. ஆழமான ஓடையைத் தாண்டி அது நீந்தியே போய்விட்டது.

"டேய், புடிடா" என்று அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். எதைப் பிடிப்பது? எரியும் கையை உதறிக்கொண்டு நின்றேன். வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் படகில் நின்றபடியே, "இன்னாமா, ஒங்க ஒட்டகம் எறாலுக்குப் போவுதா?" என்றார்.

டாக்டருக்கு போன் செய்தேன். கட்ச் கடலோரத்தில் நீந்திப் போய் அலையாத்திக் காட்டில் மேய்கிற ஓர் இனம் உண்டு என்றார். "அதுவா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். மத்த ஒட்டகமும் தண்ணின்னு வந்தா நீந்தும்." போனை ஏரியில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

வயிறு நிறைந்த பிறகு அதுவாகவே திரும்பி வந்தது. அக்கா சேற்றில் இறங்கி நின்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். அது நக்கியது. உப்பு தீர்ந்த பிறகும் வெறுங்கையை நக்கியது. அக்கா கையை இழுக்கவில்லை.

"இத்தினி நாளா கேட்டுக்கினே இருந்துச்சாடா?" என்றாள். "நக்கி நக்கிக் கேட்டுச்சா?"



சீட்டுப் போடும் நாளில் டாக்டரின் தாளோடு போனோம். வலைக் கொட்டகைக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வியாதிக் கிருமி இல்லைன்னு போட்டுக்கீது. சரி. நார்மல்னு எங்க போட்டுக்கீது?"

"அப்படி எழுத மாட்டாங்களாம்" என்றேன். "ஒவ்வொரு சாதி ஒட்டகத்துக்கும் ஒவ்வொரு அளவு. இது எந்தச் சாதின்னு தெரியாம..."

"அப்ப ஒனக்கே தெரியல."

"மாமா" என்றாள் அக்கா, "ஒனக்கு சுகர் மாத்திர காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒனக்கு யாரு நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க? நீ நாட்டாரா இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாட்டாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவின் பெயரைச் சீட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அடுத்த பாடு வரைக்கும் ஒட்டகம் கடற்கரைக்கு வரக் கூடாது, வேண்டுமானால் ஏரிப் பக்கம் படகுத்துறையில் நிற்கட்டும் என்று முடிவானது. துறைக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வர மாட்டார்கள். வருகிறவர்களுக்கும் படகு ஏறும் அவசரம். அக்கா பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் நாட்டாரைத் திட்டினேன். அவள், "கத்தாதடா, அது மேயுது" என்பாள். துறையின் இரண்டு பக்கமும் உமரி.

புண் ஆறியது. திமில் நிமிர்ந்தது. குளிர் தொடங்கியபோது டாக்டர் வந்து மறுபடியும் ரத்தம் எடுத்து, தன் கல்லூரி லேபில் பார்த்துவிட்டு போன் செய்தார். மூட்டு எலும்பெல்லாம் தெரிய நின்றபோது காட்டூரில் எடுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். "ரத்தம் அன்னிக்கும் நல்லாத்தான் சார் இருந்தது."

அடுத்த சீட்டுப் போடுவதற்கு முந்தின நாள் நாட்டாரும் அன்றைக்கு வந்த மற்ற மூன்று பேரும் துறைக்கு வந்தார்கள். ஒருவர் கையிலும் தாள் இல்லை, யாரும் தாள் கேட்கவும் இல்லை. நாட்டார் நேராகப் போய் ஒட்டகத்தின் மேலுதட்டைத் தூக்கினார். எல்லாரும் குனிந்தார்கள்.

"இப்பப் பாரு. செவுள் செவந்துக்கீது."

"ஆமா, நல்லா ரத்தம் ஏறிக்கீது."

"அன்னிக்கு எப்படி வெளுத்துக் கெடந்துது."

நானும் குனிந்து பார்த்தேன். சாம்பல், வெளிறிய ரோஜா. மழைக்கு முந்தின ஏரி. அதே நிறம், ஒரு துளிகூட மாறாத அதே நிறம். காலையில் மீன் பிரித்த நாட்டாரின் விரல்களை ஒட்டகம் ஆற அமர நக்கிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்காமல், "சரி, நாளைக்கு சீட்டுல பேரப் போட்டுடலாம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். மூட்டு தேய்ந்த காலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.